அரை மணி நேர பாஸ்

"திறக்க மாட்டேன்."

ஷாமா போனில் அடித்துச் சொன்னாள். பக்கத்தில் ஜவ்வாத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"லல்லா, நான் உங்ககிட்ட அனுமதி கேட்கலை" என்றார் கிளினிக்கிலிருந்து பேசிய ஹிஷாம். மேடம் என்பதற்கு அங்கே லல்லா, சார் என்பதற்கு ஸி. "பழைய எஃப்டிபி கதவைத் திறங்கன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமையிலிருந்து உங்க லேபுலேருந்து ஒரு ரிசல்ட்கூட எங்க கிளினிக்குக்கு வரலை. பைக்குல காகிதம் வருது. நாங்க என்ன, தபால் ஆபீஸா நடத்துறோம்?"

"எஃப்டிபில பாஸ்வேர்டும் வெளிச்சத்துல போகும், நோயாளியோட ரத்த ரிசல்ட்டும் வெளிச்சத்துல போகும். வழியில நிக்கிற எவன் வேணா படிக்கலாம். அதுக்கு ஃபெத்தான் சந்தையில மைக் வெச்சே வாசிச்சிடலாம், ஸி ஹிஷாம். செலவு கம்மி."

"உங்க ஸ்கிரிப்ட் வேலை செய்யலைங்கறதுக்கு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. மதியம் லுஹர் தொழுதுட்டு நேர்ல வர்றேன். ஒண்ணு, நீங்க திறக்கணும். இல்லைன்னா, உங்க நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்து திறப்பான்."

டொக்.

தெத்வான் ஊரில் அந்த லேப் இருந்த கட்டடம் ஸ்பானியர்கள் காலத்து வெள்ளைக் கட்டடம். இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை, கீழே கார் ஹாரன். ரமதான் பிறந்த புதிது. முதல் வார நோன்பு என்றால் ஊரே சிடுசிடுவென்று இருக்கும். காபி இல்லாத தலைவலி டாக்ஸிக்காரனிலிருந்து தாசில்தார் வரை யாரையும் விடாது. ஷாமாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு காபி பழக்கம். அவள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

லேபின் ரிசல்ட்டுகளை மார்தீல் சாலையிலுள்ள கிளினிக்குக்கு அனுப்பும் பிஎச்பி ஸ்கிரிப்ட் அவள் எழுதியது. அவளும் ஜவ்வாத்தும் சேர்ந்து நடத்தும் இரண்டே பேர் கம்பெனிக்கு அதுதான் பெரிய வேலை. மற்றதெல்லாம் கல்யாண மண்டப வெப்சைட், மீன் கடை வெப்சைட் என்று சில்லறை. இந்த வேலை போனால் அடுத்த மாதம் அலுவலகத்துக்குப் பூட்டு.

"இப்போ சந்தோஷமா?" என்றான் ஜவ்வாத். "மைக் வெச்சு வாசிக்கலாமாம். உனக்கு வாய் இல்லைன்னா நாம எப்பவோ பணக்காரங்க ஆகியிருப்போம்."

"நீ வாயைத் திறக்காமலே ஏழையா இருக்கியே, அதுக்கு என்ன சொல்ற? லாகைக் காட்டு."

நடந்ததையெல்லாம் மெஷின் எழுதிவைக்கும் அந்தப் பதிவை அவன் திரையில் திருப்பிக் காட்டினான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கிரிப்ட் முயன்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிளினிக் சர்வர் வரை போயிருக்கிறது. கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: அனுமதி இல்லை.

ஏன் இல்லை என்பது கிளினிக் சர்வரின் லாகில் இருக்கும். அதை ஹிஷாம் காட்ட மாட்டார். கேட்டதற்கு, "பாதுகாப்பு விதி" என்று பதில் வந்தது. ரிசல்ட்டுகளைத் திறந்த வெளியில் அனுப்பச் சொல்லும் மனிதருக்குப் பாதுகாப்பு விதி!

"கனெக்ஷன் போகுது, கதவு வரைக்கும் போகுது" என்று ஷாமா வாய்விட்டு யோசித்தாள். "சர்வரோட அடையாளம் மாறலை. அப்போ நம்ம பாஸைத்தான் அது ஒத்துக்கலை."

பாஸ் என்றால் இதுதான். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் லேபில் இதற்கென்றே உள்ள ஒரு தனி மெஷின் அதற்குப் புதிதாக ஒரு அனுமதிச் சீட்டு போட்டுக் கொடுக்கும். இந்த நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் செல்லும். அதற்குப் பிறகு அது செத்த காகிதம். கிளினிக்கில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும்தான் அது திறக்கும். நாளைக்கே எவனாவது லேபின் வெப்சைட்டை உடைத்து உள்ளே வந்தாலும், அவன் கையில் கிடைப்பது அரை மணியில் சாகும் சீட்டுகள் மட்டும். ஷாமா பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்த ஏற்பாடு அது.

"பாஸோட சேர்த்துக் காட்டுற சாவி ஃபைலைப் படிக்க ஸ்கிரிப்ட்டுக்கு அனுமதி இருக்கா?"

"இருக்கு. பார்த்துட்டேன்."

"பாஸ் போடுதா?"

"அழகா போடுது. போட்டதெல்லாம் ஃபோல்டர்ல வரிசையா கிடக்கு." ஜவ்வாத் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒரு வேடிக்கை. நான் கையால கனெக்ட் பண்ணினா போகுது."

ஷாமா நிமிர்ந்தாள். "என்னது?"

"காலையில பண்ணினேன். எஸ்எஸ்எச்சுல, அதே பூட்டின வழியில, நேரா உள்ள போயிட்டேன். ஸ்கிரிப்ட் போனாத்தான் துரத்துது."

"எந்தச் சாவில போன?"

ஜவ்வாத் மலையைப் பார்த்தான்.

"ஜவ்வாத். எந்தச் சாவில?"

"அது... முதல் முதல்ல கிளினிக்குல செட் பண்ணினப்போ கொடுத்தாங்களே, அந்தச் சாவி. எடுக்க மறந்துட்டாங்க போல."

"அது மொத்த வீட்டையும் திறக்குமேடா! எல்லா நோயாளியோட ஃபைலும் அதுல தெரியும்! இத்தனை நாளா உன் லேப்டாப்ல வெச்சுக்கிட்டா சுத்துற?"

"திட்டுறதை இஃப்தாருக்கு அப்புறம் வெச்சுக்கோ தாயே. இப்போ நான் சொல்றதைக் கேளு. அந்தச் சாவியை எடுத்து ஸ்கிரிப்ட்ல சொருகிடுவோம். ரெண்டு வரி வேலை. பூட்டின வழியிலேயே போகும், நீயும் சந்தோஷம், அந்த ஹிஷாமும் வாயை மூடுவான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஷாமா அதைக் கேட்டுத் தயங்கவில்லை என்று சொன்னால் பொய். ரெண்டே வரி!

"காலாவதியே ஆகாத சாவி. வீடு முழுக்கத் திறக்கிற சாவி. அதை வெப்சைட் ஓடுற மெஷின்ல கொண்டுபோய் வெக்கணும். அப்படித்தானே?" என்றாள் மெதுவாக. "அதுக்கு எஃப்டிபியே மேல். அதுல திருடன் வழியில நிக்கணும். இதுல நாமளே அவனுக்கு வீட்டைத் திறந்து குடுத்துட்டு, நோன்பு திறக்க ஹரீரா சூப்பும் ஊத்திக் குடுக்கிற மாதிரி. முடியாது."

"எல்லாத்துக்கும் முடியாது."

"உள்ள போனப்ப வேற என்ன பார்த்த?"

"சத்தியமா ஒரு ஃபைலையும் தொடலை. நேரத்தை மட்டும் பார்த்தேன். நம்ம பாஸ் நேரத்தை வெச்சு ஓடுறதாச்சே, அங்க கடிகாரம் தப்பா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். நிமிஷம் பிசகலை. என் வாட்ச், சுவத்துக் கடிகாரம், அந்த சர்வர் மூணும் ஒண்ணு."

ஷாமாவுக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. அதுவும் போயிற்று. கையில் இருந்த ஒரே நூலும் அறுந்தது.

கதவு திறந்தது. லேபின் சொந்தக்காரர் டாக்டர் ஸுபைதா வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். ஐம்பது வயது. யாரையும் உட்காரச் சொல்லாமல் தானும் உட்காராமல் பேசுவது அவர் வழக்கம்.

"ஹிஷாம் எனக்கும் போன் பண்ணினார். பொண்ணே, எனக்கு வர்ற சாம்பிள்ல பாதி அந்த கிளினிக்கோடது. அவங்க வேற லேபைப் பார்த்துக்கிட்டா நான் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பணும் தெரியுமா? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பழைய வழியைத் திறந்துவிடு. நாளைக்கு நிதானமா சரிபண்ணிக்கோ."

"டாக்டர், இன்னிக்கு ஒரு நாள்னு திறந்த கதவை எந்த ஊர்லயாவது மறுநாள் மூடிப் பார்த்திருக்கீங்களா?"

"யாரும்மா நம்ம ரிசல்ட்டைப் படிக்கப் போறாங்க? கொலஸ்ட்ராலும் சர்க்கரையும்தானே?"

ஷாமாவின் கண் முன்னால் இக்ராம் வந்து நின்றாள்.

தான்ஜியரில் ஷாமா முதல் வேலை பார்த்த காலம். அறைத் தோழி இக்ராம், நிச்சயம் ஆன பெண். ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த லேப் ரிசல்ட்டுகளைத் திறந்த வழியில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கே இன்டர்நெட் பகிர்ந்து கொடுத்தவன், பொழுது போகாமல் வழியில் போவதையெல்லாம் எட்டிப் பார்க்கிறவன். இக்ராம் தன் ரிசல்ட்டை வாங்கப் போன அன்று தெருவில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. பால் கடைக்காரன் உட்பட. அதற்குப் பிறகு அவள் மலகாவுக்குக் கப்பலேறியவள்தான். அம்மா இறந்தபோது ஜனாஸாவுக்குக்கூட வரவில்லை.

"டாக்டர்" என்றாள் ஷாமா. "லேப் உங்களோடது, மெஷின் உங்களோடது. உங்களுக்கு வேணும்னா என்னை இப்பவே வேலையை விட்டு அனுப்பிடுங்க. எல்லாப் பாஸ்வேர்டையும் மேஜை மேல வெச்சுட்டுப் போறேன். அதுக்கப்புறம் யாரை வேணா கூப்பிட்டுத் திறந்துக்குங்க. ஆனா என் கையால நடக்காது."

ஜவ்வாத் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அடுத்த மாத வாடகை ஜன்னல் வழியாகப் பறந்து போவதை அவன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஸுபைதா அவளை உற்றுப் பார்த்தார். "நோன்புக் கோபமா இது?"

"காபி குடிச்சிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். இன்னும் சத்தமா."

"ஹிஷாம் வரட்டும்" என்றார் ஸுபைதா. போகவில்லை. அங்கேயே நின்றார்.

லுஹர் தொழுகை முடிந்து வெகு நேரம் ஆகவில்லை. படிக்கட்டில் ஷூ சத்தம். ஹிஷாம் வந்தார். கிளினிக்கின் கணினிப் பிரிவுக்கே தலைவர், கஸபிளாங்காவில் படித்தவர், மடிப்புக் கலையாத சட்டை, நல்ல அத்தர் வாசம்.

"ஸலாம். கதவு திறந்தாச்சா?"

"வலைக்கும் ஸலாம். இல்லை."

"என்ன குறைன்னாவது கண்டுபிடிச்சீங்களா?"

"அதுவும் இல்லை" என்றாள் ஷாமா, கூச்சமே இல்லாமல். "உங்க லாகைக் காட்டினா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

"பாருங்க டாக்டர்!" ஹிஷாம் ஸுபைதா பக்கம் திரும்பினார். "தன் ஸ்கிரிப்ட்ல ஓட்டையை வெச்சுக்கிட்டு என் சர்வர்ல தேடணுமாம். லல்லா, எங்ககிட்ட இன்னும் நாலு லேப் ரிசல்ட் அனுப்புது. யாருக்கும் பிரச்சினை இல்லை. உங்களுக்கு மட்டும்தான்."

"அவங்க எல்லாம் எப்படி அனுப்புறாங்க?"

"எஃப்டிபிதான்."

"நல்லது. நாலு மைக்."

ஜவ்வாத் இருமி சிரிப்பை மறைத்தான். ஹிஷாம் முகம் சிவந்தது.

"அரை மணி நேர பாஸ், அதுக்கு ஒரு தனி மெஷின், அதுக்கு ஒரு தனிச் சாவி! சாதாரண லேபுக்கு எதுக்கு இவ்வளவு ஆடம்பரம்? உங்க மெஷின் கடிகாரம் சரியா ஓடுதான்னு முதல்ல பாருங்க. ரமதானுக்கு நாடே நேரத்தை ஒரு மணி பின்னால வெச்சுதே, நீங்க வெச்சீங்களா, இல்லையா?"

"வெச்சாச்சு. உங்க பக்கம்?"

"என் பக்கமா?" ஹிஷாம் நெஞ்சை நிமிர்த்தினார். "போன வருஷம் அந்த சர்வர் தானா நேரம் மாத்தாம, சமையலறைக்குப் பட்டியல் ஒரு மணி நேரம் முன்னாலயே போய், நோயாளிங்க எல்லாம் ஆறிப்போன ஹரீரா குடிச்சாங்க. டைரக்டர் என்னை வறுத்தெடுத்துட்டார். இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை நானே போய் என் கையால ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சேன். சனியன், கொஞ்ச நேரத்துல பழைய நேரத்துக்கே ஓடிப்போச்சு. வெளியில இருக்கிற சர்வர்கிட்ட நேரம் கேட்டுத் தானா திருத்திக்குது. அந்தக் கேக்குற வேலையையே நிறுத்திட்டு மறுபடி வெச்சேன். இப்போ பாருங்க, என் வாட்ச்சும் அதுவும் அண்ணன் தம்பி."

அறையில் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்தது ஷாமாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. கையால் தள்ளி வைத்தார். அது தானாகப் பழைய நேரத்துக்கே போயிற்று.

"ஜவ்வாத்! காலையில நேரம் பார்த்தியே, அந்தத் திரை இன்னும் இருக்கா?"

இருந்தது. அவன் திருப்பினான். நேரம் சரி. அவன் சொன்ன மாதிரி நிமிடம் பிசகவில்லை. ஆனால் நேரத்துக்குப் பக்கத்தில், யாருமே எட்டிப் பார்க்காத மூலையில், சின்னதாக ஒரு குறி: கூட்டல் ஒன்று.

ஷாமா சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சிரித்ததே இல்லை.

"ஸி ஹிஷாம், வருஷம் முழுக்க நம்ம நாட்டு நேரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால. ரமதான்ல மட்டும் பின்னால வெச்சு கிரீன்விச்சும் நாமளும் ஒண்ணாயிடுறோம். சரிதானே?"

"குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"உங்க சர்வருக்குத் தெரியலை. இந்தக் கூட்டல் ஒண்ணைப் பாருங்க. அது இன்னும் ரமதான் வரலைன்னே நெனச்சுக்கிட்டிருக்கு. முள்ளைத்தான் பின்னால தள்ளினீங்க, நாட்டு நேரத்தை, அதான் டைம் ஜோனை, மாத்தலை. அது என்ன கணக்குப் போடுது? முள்ளு காட்டுற நேரத்துல ஒரு மணியைக் கழிச்சா கிரீன்விச்னு. அப்போ உலகத்துக்கே மணி ஒண்ணுன்னா உங்க சர்வருக்குப் பன்னெண்டு. நேரம் கேட்டுத் திருத்திக்க வந்ததோட வாயையும் கட்டிட்டீங்க."

"முள்ளு சரியா இருக்கே!"

"முள்ளு மனுஷனுக்கு. பாஸ் கிரீன்விச் நேரத்துல பேசுது. நான் ஒரு மணிக்குப் போட்ட பாஸை எடுத்துட்டுப் போனா, உங்க வாசல் காவல்காரன் மணி பன்னெண்டுங்கறான். 'இந்தப் பாஸ் இன்னும் பொறக்கவே இல்லை, போயிட்டு அப்புறம் வா'ன்னு துரத்திடுறான். ஜவ்வாத்தோட சாவிக்கு நேரமே கிடையாது, அதனால அது போச்சு. மத்த லேப் நாலும் நேரமே கேக்காத வழியில வருது, அதனால அதுவும் போச்சு."

ஹிஷாம் கை வாட்ச்சைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி வாட்ச்சைப் பார்த்தார்.

"கதை நல்லா இருக்கு" என்றார் கடைசியில். "ஆதாரம்?"

"கேட்டீங்களே, அதுதான் வேணும்." ஷாமா பாஸ்கள் வரிசையாகக் கிடந்த ஃபோல்டரைத் திறந்தாள். "மணி இப்போ ஒண்ணு இருபது. இதோ, பன்னெண்டேகாலுக்கு ஸ்கிரிப்ட் போட்ட பாஸ். பன்னெண்டே முக்காலோட இதுக்கு ஆயுள் முடிஞ்சது. இது பிணம். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். பிணம்."

"உலகத்துல எந்தச் சர்வரும் இதை உள்ள விடக் கூடாது."

"விடாது."

"டாக்டர், நீங்களும் கிட்ட வாங்க."

ஸுபைதா வந்தார். ஜவ்வாத் தன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். ஷாமா செத்த பாஸை ஸ்கிரிப்ட்டின் கையில் கொடுத்து, ஒரு வெற்று ஃபைலை அனுப்பச் சொன்னாள். எழுத்தே இல்லாத ஃபைல். யாருடைய ரத்தமும் அதில் இல்லை.

எண்டர்.

மூன்று நாளாக முகத்தில் அறைந்த கதவு, சத்தமில்லாமல் திறந்தது. ஃபைல் போய்ச் சேர்ந்தது.

ஹிஷாம் குனிந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தார். கீழே தெருவில் இரண்டு பேர் பார்க்கிங்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உயிரோட வர்றவனை விரட்டிட்டு பிணத்துக்குக் கதவு திறக்குது உங்க வாசல்" என்றாள் ஷாமா. "இது என் ஸ்கிரிப்ட்ல இருக்கிற ஓட்டையா, ஸி ஹிஷாம்?"

ஹிஷாம் போனை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, தன் ஆளிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "டைம் ஜோன் புதுசைப் போடு... ஆமா, வெளியில கேட்டுத் திருத்திக்கட்டும், மறுபடி ஓடவிடு... யார் நிறுத்தினதா? உனக்கு எதுக்கு அது? போடு!"

அடுத்த முறை ஸ்கிரிப்ட் கிளம்பியபோது நான்கு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புத்தம்புது பாஸ். கதவு. தட்டல். பிறகு, அணை திறந்த மாதிரி, தேங்கிக் கிடந்த ரிசல்ட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. எல்லாம் பூட்டிய பெட்டிக்குள், யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி. ஷாமா அந்தப் பழைய பிணத்தை எடுத்து இன்னொரு முறை முயன்று பார்த்தாள். அனுமதி இல்லை. மூன்று நாளாக அவள் வெறுத்த அந்த வரி இப்போது இனித்தது.

"காகிதம் கொண்டுபோற பைக்குக்காரனை நிறுத்தச் சொல்றேன்" என்று ஸுபைதா கிளம்பினார். கதவருகே நின்று, "பாஸ்வேர்டை எல்லாம் மேஜை மேல வைக்க வேண்டாம். உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ஹிஷாமும் சட்டையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். அவரைப் போக விட்டிருக்கலாம். ஜவ்வாத் கண்ணாலேயே கெஞ்சினான். ஷாமாவுக்கு விடத் தெரியாது.

"இன்னொண்ணு, ஸி ஹிஷாம். செட் பண்ணினப்ப நீங்க ஜவ்வாத்துக்குக் கொடுத்த சாவி இன்னும் உங்க சர்வர்ல உயிரோட இருக்கு. மொத்த வீட்டையும் திறக்குது. இன்னிக்குக் காலையில அதுல உள்ள வந்து நேரம் பார்த்திருக்கோம். வேற எதையும் தொடலை. லாகைப் பாருங்க, எல்லாம் இருக்கும். இப்பவே அதை எடுக்கச் சொல்லுங்க."

ஜவ்வாத் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்போ எங்க அனுமதி இல்லாம உள்ள வந்திருக்கீங்க" என்றார் ஹிஷாம், வார்த்தை வார்த்தையாக. "இதை நான் டைரக்டர்கிட்ட சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். சொல்லுங்க. கூடவே, சாவியை எடுக்காம விட்டது யாரு, கடிகாரத்தைத் தள்ளினது யாரு, நாலு லேபை மைக்குல வாசிக்க விட்டது யாருன்னும் சொல்லணும். நான் வேணா கூட வர்றேன். நல்லா சத்தமா பேசுவேன்."

ஹிஷாம் போனை எடுத்து, சாவியை நீக்கச் சொன்னார். ஜவ்வாத் தன் லேப்டாப்பில் முயன்று பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அனுமதி இல்லை.

"அந்த நாலு லேப்..." என்று ஹிஷாம் ஆரம்பித்து நிறுத்தினார். "அவங்களுக்கும் இந்தப் பாஸ் ஏற்பாடு செய்ய எவ்வளவு ஆகும்?"

"கொட்டேஷன் நாளைக்கு அனுப்புறோம்!" என்றான் ஜவ்வாத், அவள் வாயைத் திறப்பதற்குள்.

படிக்கட்டு வரை போனவர் திரும்பினார்.

"லல்லா, நீங்க எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லை, ஸி ஹிஷாம்" என்றாள் ஷாமா. "நோன்பு மாசம்கறதால கொஞ்சம் அடங்கியிருக்கேன்."